விசை, பொருண்மை, முடுக்கம்: சூத்திரம் தெரியும், விடை ஏன் தவறுகிறது?



நான்காம் படிவ மாணவர் ஒருவரை நிறுத்தி நியூட்டனின் இரண்டாம் விதி என்ன என்று கேட்டுப் பாருங்கள். ‘விசை சமம் பொருண்மை பெருக்கல் முடுக்கம்’ என்று டக்கென்று பதில் வரும். அடுத்து இதைக் கேளுங்கள். பேரங்காடியில் பொருள்கள் நிரம்பிய தள்ளுவண்டியை ஒருவர் 20 நியூட்டன் விசையால் தள்ளுகிறார். வண்டி நேர்க்கோட்டில், ஒரே சீரான வேகத்தில் போகிறது. உராய்வு விசை எவ்வளவு?

இங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரியும். “20-க்குக் குறைவாகத்தானே இருக்கணும், இல்லேன்னா வண்டி எப்படி நகரும்?” என்று பாதிப் பேர் கேட்பார்கள். சிலர் ‘உராய்வே இல்லை’ என்பார்கள். சரியான விடை 20 நியூட்டன். சூத்திரம் மனப்பாடமாக இருந்தும் விடை தவறுகிறது என்றால், சூத்திரத்தில் உள்ள மூன்று சொற்களில் ஏதோ ஒன்று மாணவருக்கு வேறு பொருளில் பதிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

தமிழாசிரியருக்கு இயற்பியலில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை விசை, உராய்வு, பொருண்மை என்று படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் டாயா, ஜிசிம், பெச்சுத்தான் என்றோ ஃபோர்ஸ், மாஸ், ஆக்ஸலரேஷன் என்றோ படிக்கத் தொடங்குகிறது. பழைய சொல்லும் புதிய சொல்லும் ஒன்றுதான் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. வீட்டில் பேசும் தமிழ் இன்னொரு பக்கம் குழப்புகிறது. அந்தக் குழப்பத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

அன்றாடத் தமிழில் ‘வேகமாத் தள்ளு’ என்றால் என்ன பொருள்? பலமாகத் தள்ளு என்றுதானே சொல்கிறோம். ‘வேகமா அடிச்சிட்டான்’ என்றால் ஓங்கி அடித்தான் என்று பொருள். இதற்கு எதிர்ப்பக்கமாக, ‘விசையாக ஓடினான்’ என்றால் விரைவாக ஓடினான் என்று பொருள். ஆக, நம் பேச்சில் வேகம் விசையாகிறது, விசை வேகமாகிறது. பேச்சுக்கு இது அழகு. ஆனால் இயற்பியல் தாளில் இந்த இரண்டும் ஒன்றாகிவிட்டால், ‘வேகம் இருந்தால் விசை இருக்க வேண்டும்’ என்ற தவறான முடிவுக்கு மாணவர் தானாகவே வந்துவிடுகிறார். தள்ளுவண்டிக் கேள்வியில் நடப்பது இதுதான்.

இயற்பியலில் விசை என்பது தள்ளுதல் அல்லது இழுத்தல். அது வேகத்தைத் தருவதில்லை, வேகத்தை மாற்றுகிறது. அந்த மாற்றம் எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதன் பெயர் முடுக்கம்.

முடுக்கத்தைப் புரியவைக்க இலகு ரயிலைவிட நல்ல பாடக்கருவி கிடையாது. ரயில் நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் பின்னால் சாய்வார்கள். நடுவழியில் ரயில் நேராக, சீராகப் போகும்போது யாரும் சாய்வதில்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அடுத்த நிலையம் வரும்போது முன்னால் சாய்வார்கள். நடுவழியில்தான் வேகம் அதிகம். ஆனால் அங்கே முடுக்கம் சுழியம். கிளம்பும்போது வேகம் குறைவு, முடுக்கம் உண்டு. உடம்புக்குத் தெரிவது வேகம் இல்லை, முடுக்கம்தான்.

இதன் அலகைப் பார்த்து மாணவர்கள் பயப்படுவார்கள்: மீட்டர்/விநாடி². விநாடியை எதற்கு இருமடி ஆக்க வேண்டும்? ‘ஒவ்வொரு விநாடியும் எத்தனை மீட்டர்/விநாடி கூடுகிறது’ என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். முடுக்கம் 2 என்றால் முதல் விநாடி முடிவில் வேகம் 2, இரண்டாம் விநாடி முடிவில் 4, மூன்றாவதில் 6. இரண்டு முறை விநாடி வருவதால்தான் அந்தச் சின்ன 2. அவ்வளவுதான்.

இப்போது தள்ளுவண்டிக்குத் திரும்புவோம். அதன் பொருண்மை 40 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். உராய்வு 20 நியூட்டன். நாம் 20 நியூட்டனால் தள்ளினால் முன்னால் 20, பின்னால் 20, மிச்சம் ஒன்றுமில்லை. மிச்சம் இல்லாவிட்டால் முடுக்கம் இல்லை. முடுக்கம் இல்லை என்றால் நிற்கிறது என்று பொருள் அல்ல. ஏற்கெனவே இருந்த வேகம் மாறாது என்று பொருள். நின்ற வண்டி நின்றுகொண்டே இருக்கும், 1 மீட்டர்/விநாடியில் போன வண்டி அதே 1 மீட்டர்/விநாடியில் போய்க்கொண்டே இருக்கும்.

இந்த ‘மிச்சம்’தான் நிகர விசை. மலாய் நூலில் டாயா பெர்சே என்று இருக்கும். பெர்சே என்றால் சுத்தம். கழிவு போக மிஞ்சிய சுத்தமான விசை என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. சம்பளத்தில் பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவது மாதிரி. இரண்டாம் விதியில் வரும் விசை இந்த நிகர விசை மட்டுமே. நாம் கையால் தந்த விசையை நேராகச் சூத்திரத்தில் போடுவதால் போகும் புள்ளிகள், என் பார்வையில், மற்ற எல்லாத் தவறுகளையும்விட அதிகம்.

அதே வண்டியை இப்போது 30 நியூட்டனால் தள்ளுகிறோம். நிகர விசை 30 − 20 = 10 நியூட்டன். முடுக்கம் 10 ÷ 40 = 0.25 மீட்டர்/விநாடி². வண்டி முதலில் 1 மீட்டர்/விநாடியில் போய்க்கொண்டிருந்தால், 4 விநாடிக்குப் பிறகு 1 + 0.25 × 4 = 2 மீட்டர்/விநாடி. இந்த நேரத்தில் கையை எடுத்துவிடுகிறோம். இனி வண்டிமேல் கிடைமட்டமாக இருப்பது உராய்வு ஒன்றுதான், அதுவும் பின்னோக்கி. முடுக்கம் −20 ÷ 40 = −0.5. ஒவ்வொரு விநாடியும் அரை மீட்டர்/விநாடி குறைந்து, 4 விநாடியில் வண்டி நின்றுவிடும்.

கையை எடுத்த பிறகும் வண்டி 4 விநாடி ஓடியது அல்லவா, அப்போது அதை முன்னால் தள்ளிக்கொண்டிருந்த விசை எது? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். ‘நாம் கொடுத்த விசை இன்னும் உள்ளே இருக்கு’ என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அப்படி ஒரு விசை இல்லை. வண்டி ஓடியது அதன் நிலைமத்தால். விசை கை பட்டிருக்கும் வரைதான்; கையை எடுத்ததும் அது போய்விட்டது.

அடுத்து பொருண்மை. சந்தையில் ‘இரண்டு கிலோ எடை’ என்கிறோம். மருத்துவமனையில் ‘உங்க எடை 60 கிலோ’ என்கிறார்கள். பேச்சில் யாரையும் திருத்த வேண்டாம், திருத்தினால் சண்டைதான் வரும். தேர்வுத் தாளில் மட்டும் கவனம் வேண்டும். கிலோகிராம் என்பது பொருண்மையின் அலகு. எடை என்பது பூமி நம்மை இழுக்கும் விசை; விசை என்பதால் அதன் அலகு நியூட்டன். 60 கிலோகிராம் பொருண்மை உள்ளவரின் எடை பூமியில் 60 × 9.81 = 588.6 நியூட்டன். நிலவில் ஈர்ப்பு முடுக்கம் ஏறக்குறைய 1.62 மட்டுமே, ஆகவே அவர் எடை அங்கே 97.2 நியூட்டன். பொருண்மை அதே 60 கிலோகிராம். (9.81-ஐப் போடுவதா 10-ஐப் போடுவதா என்று சண்டை வேண்டாம். வினாத்தாளில் எது கொடுத்திருக்கிறதோ அதுதான்.)

இங்கே ஒரு சொல் எச்சரிக்கை. இது தமிழில் தேடிப் படிக்கும் பிள்ளைகளுக்கு மிக முக்கியம் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இப்போது மாணவர்கள் இணையத்தில் தமிழ்க் காணொளிகளைப் பார்த்துப் படிக்கிறார்கள், நல்ல பழக்கம்தான். ஆனால் நாம் பொருண்மை என்று சொல்வதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறை என்கிறது, இலங்கைப் பாடநூல் திணிவு என்கிறது. நாம் எடை என்பதைத் தமிழ்நாட்டிலும் எடை என்கிறார்கள். இலங்கையிலோ அதற்குப் பெயர் நிறை! ஒரே ‘நிறை’ ஒரு கரையில் கிலோகிராமில் அளக்கும் பொருண்மை, மறு கரையில் நியூட்டனில் அளக்கும் விசை. இரண்டு காணொளிகளையும் அடுத்தடுத்துப் பார்க்கும் பிள்ளையின் கதி என்னாகும்? கதி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இலங்கை நூல்களில் கதி என்றால் நாம் வேகம் என்பது. அவர்கள் வேகம் என்பது நாம் திசைவேகம் என்பது. முடுக்கத்தை ஆர்முடுகல் என்றும், வேகம் குறைவதை அமர்முடுகல் என்றும் சொல்வார்கள். அமர்முடுகல் எனக்குப் பிடித்த சொல். அதைக் கேட்டாலே வண்டி அமர்வது கண்முன் வரும்.

எந்தச் சொல் சரி என்று நாம் வழக்காடப் போவதில்லை. காணொளியைத் தொடங்கும் முன் ‘இவர் எந்த நாட்டு நூலைப் பேசுகிறார், அலகு கிலோகிராமா நியூட்டனா’ என்று பார்க்கச் சொன்னால் போதும். அலகு பொய் சொல்லாது.

பொருண்மை என்பது உண்மையில் என்ன? ‘பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு’ என்று வரையறை சொல்லி நிறுத்திவிடுகிறோம். இரண்டாம் விதியின் கண்ணில் பொருண்மை என்பது பிடிவாதம். வேகத்தை மாற்றவிடாமல் ஒரு பொருள் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதன் அளவு. வெறும் லாரியும் செம்பனைக் குலை ஏற்றிய லாரியும் ஒரே பிரேக் விசையில் ஒரே தூரத்தில் நிற்காது. பிடிவாதம் இரு மடங்கானால், அதே விசைக்கு முடுக்கம் பாதியாகும்.

இதற்கு விண்வெளியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2007 அக்டோபரில் நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முசாபார் ஷுக்கோர் சென்ற அனைத்துலக விண்வெளி நிலையம், பூமியிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பு இல்லாமல் போய்விடவில்லை. தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டே சுற்றுவதால், நிறுவைக் கருவிமேல் யாரும் அழுத்துவதில்லை. ஏறி நின்றால் சுழியம்தான் காட்டும். பிறகு மாதக்கணக்கில் தங்கும் வீரர் இளைத்துவிட்டாரா என்று எப்படிப் பார்ப்பது?

இரண்டாம் விதியைக் கொண்டுதான். அங்குள்ள ஒரு கருவியின் கரத்தை வீரர் பிடித்துக்கொள்வார். சுருள்வில் ஒன்று தெரிந்த அளவு விசையால் அவரை இழுக்கும். அவர் எவ்வளவு முடுக்கத்தில் நகர்கிறார் என்று கருவி அளக்கும். விசையை முடுக்கத்தால் வகுத்தால் பொருண்மை. 300 நியூட்டன் விசைக்கு 5 மீட்டர்/விநாடி² முடுக்கம் வந்தால் ஆள் 60 கிலோகிராம். (இந்த எண்கள் கணக்குக்காக நான் போட்டவை.) 1973-இல் ஏவப்பட்ட ஸ்கைலேப் நிலையத்தில் வேறு முறை இருந்தது, சுருள்வில் பொருத்திய இருக்கையில் வீரர் முன்னும் பின்னும் ஆடுவார், ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்திலிருந்து பொருண்மையைக் கணக்கிடுவார்கள். ஆய்வுக்கூடத்தில் இரம்பத் தகட்டின் நுனியில் பிளாஸ்டிசின் உருண்டையை ஒட்டி ஆட்டிப் பார்க்கிறோமே, அதே பரிசோதனைதான். உருண்டை பெரிதானால் தகடு மெதுவாக ஆடும்.

கனமான பொருள் முதலில் தரையைத் தொடும் என்ற நம்பிக்கைக்கும் இங்கேயே விடை இருக்கிறது. 2 கிலோகிராம் கல்லை, 1 கிலோகிராம் கல்லைவிட இரு மடங்கு விசையால் பூமி இழுக்கிறது. உண்மைதான். ஆனால் அதன் பிடிவாதமும் இரு மடங்கு. 19.62-ஐ 2-ஆல் வகுத்தாலும் 9.81, 9.81-ஐ 1-ஆல் வகுத்தாலும் 9.81. இறகு மெதுவாக விழுவது காற்றின் தடையால். 1971 ஆகஸ்ட் 2-இல் அப்போலோ 15 வீரர் டேவிட் ஸ்காட், காற்றே இல்லாத நிலவில் ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறின் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. அந்தக் காணொளியை வகுப்பில் காட்டுங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.

மின்தூக்கிக் கணக்கில் பொதுவாக ஒரு பொறி இருக்கும். 50 கிலோகிராம் மாணவி நிறுவைக் கருவிமேல் நிற்கிறார். மின்தூக்கி மேல்நோக்கி 1.2 மீட்டர்/விநாடி² முடுக்கத்தில் கிளம்புகிறது. தரை மேலே தள்ளும் விசையிலிருந்து எடையைக் கழித்தால் வருவது நிகர விசை. ஆகவே தரையின் விசை = 50 × (9.81 + 1.2) = 550.5 நியூட்டன்; கருவியில் 56 கிலோகிராம் போலக் காட்டும். பிறகு சீரான வேகத்தில் மேலே போகும்போது? 490.5 நியூட்டன், அதாவது பழைய 50 கிலோகிராமே. ‘மேலே போகிறது, ஆகவே கூடும்’ என்று எழுதினால் போச்சு. மேல்தளத்தில் நிற்பதற்காக அதே அளவில் வேகம் குறையும்போது, மின்தூக்கி மேல்நோக்கித்தான் போகிறது, ஆனால் முடுக்கம் கீழ்நோக்கி. விசை 50 × (9.81 − 1.2) = 430.5 நியூட்டன். எந்தத் திசையில் போகிறது என்பதை விடுங்கள், முடுக்கம் எந்தத் திசையில் என்று பாருங்கள்.

வரலாறு பற்றி ஒன்றே ஒன்று. 1687-இல் லத்தீனில் வெளிவந்த தம் நூலில் நியூட்டன் நாம் எழுதும் இந்த வடிவில் சூத்திரத்தை எழுதவில்லை. இயக்கத்தில் ஏற்படும் மாற்றம் செலுத்தப்படும் விசைக்கு ஏற்ப அமையும் என்று சொற்களில் சொன்னார். இயக்கம் என்று அவர் குறித்தது பொருண்மையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது, அதாவது நாம் உந்தம் என்பது. விசை, பொருண்மை, முடுக்கம் என்று சமன்பாட்டு வடிவம் பெற்றது 18-ஆம் நூற்றாண்டில், ஆய்லர் போன்ற கணிதவியலாளர்கள் கையில்.

உந்தம் வழியாகப் பார்த்தால் உயிரைக் காக்கும் ஒரு கணக்கு கிடைக்கும். கார் மணிக்கு 54 கிலோமீட்டரில் போகிறது, அதாவது 15 மீட்டர்/விநாடி. பின்னிருக்கையில் அம்மா 10 கிலோகிராம் குழந்தையை மடியில் வைத்திருக்கிறார். கார் எதிலோ மோதி 0.1 விநாடியில் நிற்கிறது. குழந்தையும் காரோடு நிற்க வேண்டுமானால் அதன் முடுக்கம் 15 ÷ 0.1 = 150 மீட்டர்/விநாடி². தேவையான விசை 10 × 150 = 1500 நியூட்டன். அது 150 கிலோகிராமுக்கு மேற்பட்ட ஒரு பொருளைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம், அதுவும் எதிர்பாராத ஒரு கணத்தில். எந்தத் தாயின் கையாலும் முடியாது. ‘நான் இறுக்கிப் பிடிச்சுக்குவேன்’ என்பது அன்பு, ஆனால் இயற்பியல் அதற்கு வளைந்துகொடுக்காது. மலேசியாவில் 2009 ஜனவரி 1 முதல் பின்னிருக்கையிலும் சீட் பெல்ட், 2020 ஜனவரி 1 முதல் குழந்தைகளுக்குத் தனி இருக்கை என்று சட்டம் வந்ததன் பின்னால் இருப்பது இந்தப் பெருக்கல்தான். மாணவர்களிடம் இந்தக் கணக்கை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். வீட்டில் உரக்கப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

மாணவர்களுக்குச் சில சொற்கள். கிராமில் கொடுத்திருந்தால் கிலோகிராமுக்கு மாற்றிய பிறகே கணக்கைத் தொடங்குங்கள். படம் வரைந்து, பொருள்மேல் இருக்கும் எல்லா விசைகளுக்கும் அம்புக்குறி போடுங்கள். நகரும் திசைக்கென்று தனியாக ஒரு விசை அம்பு போடாதீர்கள். அலகு இல்லாத விடை பாதி விடை.

கடைசியாக ஒரு கேள்வி. வழவழப்பான தரையில் 3 கிலோகிராம் பெட்டியும் 2 கிலோகிராம் பெட்டியும் ஒட்டியபடி இருக்கின்றன. 3 கிலோகிராம் பெட்டியின் பக்கமிருந்து 10 நியூட்டனால் தள்ளுகிறோம். உராய்வு இல்லை. பெரிய பெட்டி சின்னப் பெட்டியை எவ்வளவு விசையால் தள்ளுகிறது? 10 என்று எழுதக் கை துடிக்கும். பொறுங்கள். இரண்டும் சேர்ந்து 5 கிலோகிராம், முடுக்கம் 2 மீட்டர்/விநாடி². சின்னப் பெட்டியை மட்டும் தனியாகப் பாருங்கள்: 2 கிலோகிராம், முடுக்கம் 2, ஆகவே அதன்மேல் உள்ள விசை 4 நியூட்டன். இப்போது அதே 10 நியூட்டனால் 2 கிலோகிராம் பெட்டியின் பக்கமிருந்து தள்ளினால், இரண்டு பெட்டிகளுக்கும் இடையிலுள்ள விசை 6 நியூட்டன் ஆகிவிடும். முடுக்கம் மாறவில்லை, இந்த விசை மட்டும் ஏன் மாறியது என்பதை மாணவர்கள் எழுதாமல் வாயால் விளக்கட்டும், தமிழிலேயே.